ஆங்கில 'நூன்' (noon) என்பது 12 மணியா, 3 மணியா?

ஏட்டுப்பூச்சி:
11ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மடத்து ஒழுங்குகளைப் பற்றிய ஒரு நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். "நோன்பு நாளில் நூன் வரை எதுவும் உண்ணக் கூடாது" என்று அதில் ஒரு வரி. கண்ணை மூடிக்கொண்டு 'நண்பகல் 12 மணி வரை' என்று போட்டுவிடலாம். ஆனால் இரண்டு பத்தி தள்ளி, துறவிகள் 'மிட்டே' வழிபாட்டை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள், பிறகு திரும்பி வந்து 'நூன்' வழிபாட்டைப் பாடுகிறார்கள். இரண்டும் நடுப்பகல் என்றால் இடையில் வேலை செய்ய நேரம் எங்கே இருக்கிறது? கையிலுள்ள அகராதிகள் எல்லாம் நூன் என்றால் 12 மணி என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

நிழற்கோல்:
அந்த வரியில் அது 12 மணி இல்லை. பிற்பகல் 3 மணியை ஒட்டிய வேளை.

மூலம் லத்தீன் 'நோனா ஹோரா', அதாவது ஒன்பதாம் மணி. ரோமானியர் சூரியன் எழுவதிலிருந்து விழுவது வரை உள்ள பகலை 12 பங்காக வகுத்தார்கள். ஆறாம் பங்கு முடியும்போது உச்சி. ஒன்பதாம் பங்கு முடியும்போது, பகலும் இரவும் சமமான நாளில், நம் கடிகாரப்படி 3 மணி. மடங்கள் இந்த எண்களையே வழிபாட்டு வேளைகளின் பெயராக்கிக்கொண்டன: முதல் மணிக்குப் பிரைம், மூன்றாம் மணிக்கு டெர்ஸ், ஆறாம் மணிக்கு செக்ஸ்ட், ஒன்பதாம் மணிக்கு நோன். பழைய ஆங்கிலத்தில் செக்ஸ்டைச் சொந்தச் சொல்லால் மிட்டே என்றார்கள். நோனை லத்தீனிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள், அதுதான் நூன். உங்கள் நூலில் இரண்டும் தனித்தனியாக நிற்பது அதனால்தான்.

கி.பி. 1000ஐ ஒட்டி ஆல்ஃப்ரிக் என்ற துறவி மாணவர்களுக்கு லத்தீன் பழக்க ஓர் உரையாடல் எழுதினார். அதில் ஒரு சிறுவன் தன் நாளை ஒப்பிக்கிறான்: மிட்டே பாடினோம், உண்டோம், குடித்தோம், தூங்கினோம், மறுபடி எழுந்து நோன் பாடினோம். சாப்பாடும் தூக்கமும் இடையில் அடங்குகிற அளவுக்கு இரண்டுக்கும் இடைவெளி இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கு தமிழுக்குப் புதிதில்லை. பழைய தமிழ் வேதாகமத்தில் இயேசுவின் சிலுவைப்பாட்டில் இருள் சூழ்ந்தது ஆறாம் மணி நேரம் முதல் ஒன்பதாம் மணி நேரம் வரை. பெரிய வெள்ளியன்று தேவாலயங்களில் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை நடப்பது இதை வைத்துத்தான்.

தமிழ்வேர்:
நோன் வரை உண்ணாமல் இருப்பது நோன்பு! இதைவிட வெளிப்படையாக ஒரு தொடர்பு வேண்டுமா? தமிழ் 'நோன்பு'தான் கடல் கடந்து போயிருக்கிறது. ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் மனம் வராது.

சொற்கிடங்கு:
ஒலி ஒத்துப்போகிறது என்பது சரி. ஆனால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனிக் குடும்பம் இருக்கிறது. நோன்புக்கு வேர் பொறுத்தல் என்று பொருள்படும் 'நோல்'. நோற்றல், நோன்மை, நோன்பு எல்லாம் அதன் கிளைகள். அதில் எங்கும் எண் கிடையாது. லத்தீன் சொல்லிலோ எண் மட்டும்தான் இருக்கிறது: நோவெம் என்றால் ஒன்பது, நோனுஸ் என்றால் ஒன்பதாவது. அதே வேளை வரிசையில் டெர்ஸ் மூன்று, செக்ஸ்ட் ஆறு என்று பக்கத்துப் பெயர்களும் எண்களாகவே இருக்கும்போது, நடுவில் ஒன்றை மட்டும் பிடுங்கி நோன்போடு சேர்க்க வழியில்லை.

உறவு தேடுவதென்றால் நவமியிடம் போகலாம். சமஸ்கிருத 'நவ'வும் லத்தீன் 'நோவெம்'மும் ஒரே மூலத்தின் பிள்ளைகள் என்பதில் மொழியியலாளர்களுக்குள் சண்டையே இல்லை. நவம்பரும் அந்த வீடுதான். ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியபோது அது ஒன்பதாம் மாதம், இப்போது பதினொன்று. ஒன்பது என்று பெயர் வைத்த எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை போலும்.

தென்மராட்சி:
ஒரு சந்தேகம். பகலை 12 ஆகப் பிரித்தால் மாரியிலும் கோடையிலும் ஒரு மணியின்ர நீளம் மாறுமெல்லோ? அப்ப ஒன்பதாம் மணி எப்பிடி எப்பவும் 3 மணியாகும்?

நிழற்கோல்:
எப்போதும் ஆகாது. ராகு காலம் கணிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். ராகு காலம் பகலில் எட்டில் ஒரு பங்கு. சரியாகக் கணித்தால் நாளுக்கு நாள் அதன் நீளம் மாறும். காலண்டர் தாளில் 'ஒன்றரை மணி நேரம்' என்று அச்சடிப்பது உதயம் 6, அஸ்தமனம் 6 என்று வைத்துக்கொண்ட வசதிக் கணக்கு. ரோமானியர் எட்டுக்குப் பதில் பன்னிரண்டாக வகுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கு எளிது. ஒன்பதாம் மணியின் முடிவு என்பது உச்சியிலிருந்து மேலும் மூன்று பங்கு. பன்னிரண்டில் மூன்று என்றால் கால். ஆகவே அன்றைய பகல் நீளத்தை நாலால் வகுத்து, சூரிய உச்சியோடு கூட்டினால் போதும்.

லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 7 மணி 50 நிமிடம். அதில் கால் பங்கு ஏறக்குறைய 1 மணி 57 நிமிடம். ஆக நோன் 2 மணிக்குள்ளேயே வந்துவிடும். ஜூன் கடைசியில் பகல் 16 மணி 38 நிமிடம். நோன் 4 மணி 9 நிமிடத்துக்குப் போகும். ரோமில் இந்த ஊசலாட்டம் 2:17 முதல் 3:48 வரை. சென்னையில் செய்து பார்த்தால் 2:51 முதல் 3:13 வரைதான், ஏனென்றால் நம் பகல் ஆண்டு முழுவதும் சுமார் ஒன்றரை மணி நேரமே கூடிக் குறைகிறது. எல்லாம் சூரிய உச்சியை 12 என்று வைத்துக்கொண்ட நேரங்கள், இக்காலக் கடிகாரம் காட்டும் நேரங்கள் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் கவனியுங்கள். ஒன்பதாம் மணி என்பது ஒரு புள்ளியா, ஒரு துண்டா? எட்டு பங்கு முடிந்ததும் ஒன்பதாவது தொடங்கிவிடுகிறது. அதன் தொடக்கத்தில் மணி அடித்தால் சமநாளில் 2 மணி, முடிவில் அடித்தால் 3 மணி. பழைய நூல்களைப் படிப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமாகச் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஏட்டுப்பூச்சி:
தெளிவு. அப்படியானால் அது 12க்கு எப்படி வந்து சேர்ந்தது? துறவிகள் பசி தாங்காமல் மணியை முன்கூட்டியே அடித்துவிட்டார்கள் என்று பல இடங்களில் நகைச்சுவையாக எழுதியிருக்கிறார்கள்.

சொற்கிடங்கு:
நகைச்சுவையில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் திருட்டுத்தனம் எதுவும் தேவைப்படவில்லை, விதியிலேயே வழி இருந்தது.

மேற்கத்திய மடங்களுக்கு அடிப்படையான 6ஆம் நூற்றாண்டு ஒழுங்கை எடுங்கள், பெனடிக்ட் என்ற துறவி எழுதியது. அதன் 41ஆம் அதிகாரம் சாப்பாட்டு நேரம். கோடையில் பெரும்பாலான நாட்கள் ஆறாம் மணிக்கு உணவு; புதனும் வெள்ளியும் ஒன்பதாம் மணி வரை நோன்பு. செப்டம்பர் நடுவிலிருந்து தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கும்வரை தினமும் ஒன்பதாம் மணிக்குத்தான் உணவு. தவக்காலத்தில் மாலை வழிபாடு முடிந்த பிறகே. ஆக ஆண்டில் பாதி நாட்களுக்குச் சோற்றுக்கு மணி என்றால் அது நோன் மணி. உங்கள் நூலின் 'நூன் வரை உண்ணக் கூடாது' இதிலிருந்து வருகிறது.

இப்போது 48ஆம் அதிகாரம். கோடையில் நோன் வழிபாட்டைச் சற்று முன்னதாக, எட்டாம் மணியின் நடுவிலேயே பாடலாம் என்று பெனடிக்டே எழுதிவைத்திருக்கிறார். மதியத் தூக்கம் முடிந்து மறுபடி வேலைக்குப் போக நேரம் வேண்டும் என்பது காரணம். எட்டாம் மணியின் நடு என்றால் உச்சியிலிருந்து பகலில் எட்டில் ஒரு பங்கு. ரோமின் நீண்ட கோடை நாளில் கிட்டத்தட்ட 1:54. அதே நாளில் முறைப்படி 3:48க்கு வரவேண்டியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னே வந்துவிட்டது, அதுவும் விதிக்கு உட்பட்டு.

பசிக் கொள்கைக்கு இதைவிட நல்ல சாட்சி மாலை வழிபாடு. தவக்காலத்தில் அதற்குப் பிறகுதான் உண்ணலாம் என்றதும், காலப்போக்கில் அந்த மாலை வழிபாட்டையே நடுப்பகலுக்கு முன் பாடி முடிக்கும் வழக்கம் மேற்குத் திருச்சபையில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வழிபாட்டுச் சீர்திருத்தம் வரும்வரை அது நீடித்தது. மாலையே காலைக்கு வரும்போது ஒன்பதாம் மணி ஆறாம் மணிக்கு வருவதில் என்ன வியப்பு! விதியை யாரும் மீறவில்லை. வழிபாட்டை நகர்த்தினார்கள், சாப்பாடு கூடவே வந்தது.

மணிக்கூண்டு:
மடத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் நகரத்து வேலைநாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். 10 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் நோன் மணி மெல்ல நகர்ந்து நடுப்பகலில் நிலைகொண்டபோது, அது கூலியாட்களின் நாளைச் சரிபாதியாக வெட்டும் இடைவேளை மணியாகவும் ஆகிவிட்டது என்பது அவர் வாதம். அரை நாள் கூலி கணக்குப் போட அந்த மணி வசதி. ஊருக்கு ஒரே ஒரு மணி கோபுரம் இருக்கும்போது, அதில் எது எப்போது அடிக்கிறதோ அதுதான் எல்லோருக்கும் நேரம்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் கவிஞர் தாந்தே எழுதும்போது, நோனா மணி ஏழாம் மணியின் தொடக்கத்தில், அதாவது உச்சியில் அடிக்கிறது என்பது நடைமுறையாகவே இருக்கிறது. ஆறாம் மணிதான் பகலின் மேன்மையான மணி என்று அதற்கு ஒரு தத்துவக் காரணமும் சொல்கிறார். காரணம் எனக்கு ஏற்புடையதில்லை. நடைமுறைக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

பிறகு எந்திரக் கடிகாரம். 1336இல் மிலானில் சான் கொத்தார்தோ கோபுரக் கடிகாரம் 24 சம மணிகளையும் அடித்தது. பகல் நீண்டாலும் குறுகினாலும் மணி ஒரே அளவு என்று ஆனபின் நூனுக்கு நகர இடமில்லை. 12இல் ஆணி அடித்தாயிற்று.

தென்மராட்சி:
அப்ப ஆறாம் மணிக்கு என்ன நடந்தது? அதின்ர இடத்தை ஒன்பது பிடிச்சிட்டுது எண்டால் ஆறு எங்கை போனது?

சொற்கிடங்கு:
ஸ்பெயினில் படுத்துத் தூங்குகிறது. 'செக்ஸ்தா ஹோரா' அங்கே 'சியெஸ்தா' ஆகி, உச்சி வெயிலில் போடும் தூக்கத்துக்குப் பெயராயிற்று.

நூன் நகராமல் நின்ற ஊர்களும் உண்டு. ஐஸ்லாந்து மொழியில் 'நோன்' இன்றும் பிற்பகல் 3. ஐரிஷ் மொழியில் 'த்ராஹ்னோனா' என்றால் பிற்பகலும் மாலையும் சேர்ந்த பொழுது. உள்ளே இருப்பது அதே நோனா. வேல்ஸ் மொழியில் பிற்பகலுக்கு 'பிரின்ஹாவ்ன்', அது 'பிரைட் நாவ்ன்' என்பதன் சுருக்கம், நோன் வேளை என்று பொருள். லத்தீனிடம் கடன் வாங்கிய காலத்தில் எல்லோருக்கும் அது பிற்பகல்தான் என்பதற்கு இந்த மூன்றுமே போதும். ஆங்கிலத்திலும் டச்சிலும் உச்சிக்கு ஏறிவிட்டது.

ஆங்கிலத்தின் 'அன்டர்ன்' என்ற பழஞ்சொல் எதிர்த்திசையில் போனது. முதலில் மூன்றாம் மணி, அதாவது காலை 9. பிறகு சில வட்டாரங்களில் நடுப்பகல், வேறு சிலவற்றில் பிற்பகல். கடைசியில் வழக்கிலிருந்தே மறைந்தது.

கோவைக்கணக்கன்:
பழைய ஆங்கிலத்தில் 'நோன்மெடெ' என்றே ஒரு சொல் உண்டு: நோன் வேளைச் சாப்பாடு. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை ஆங்கிலத்தில் 'நூன் மீல்' என்று எழுதினவர்களுக்கு அது ஆயிரம் வருடப் பழைய கூட்டுச்சொல் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 'நூன்' என்பதோடு குடிப்பதைக் குறிக்கும் சொல் சேர்ந்து 'நன்ஷன்' என்று ஒரு சிற்றுண்டிப் பெயரும் பிறந்தது. 'லஞ்சன்' என்ற சொல்லின் வடிவத்தில் அதன் சாயல் விழுந்திருக்கலாம்.

ஏட்டுப்பூச்சி:
இப்போது நடைமுறைக் கேள்வி. இதே தொகுப்பில் 13, 14ஆம் நூற்றாண்டுப் பகுதிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு நூனையும் எந்த மணி என்று எப்படி முடிவு செய்வது? தமிழில் என்ன சொல் போடுவது?

நிழற்கோல்:
முதலில் மூலத்தின் காலம். 12ஆம் நூற்றாண்டின் நடுவுக்கு முந்தையது என்றால் 3 மணிப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1400க்குப் பிந்தையது என்றால் பெரும்பாலும் 12. இடைப்பட்டதுதான் தொல்லை, அங்கே ஒவ்வொரு வரியையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது, கூட என்ன வருகிறது என்பது. மிட்டேயோ செக்ஸ்டோ அதே பத்தியில் தனியாக இருந்தால் நூன் கண்டிப்பாக அதற்குப் பிந்தையது. லத்தீன் மூலம் கைவசம் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள்: 'மெரிடியெஸ்' என்றிருந்தால் உச்சி, சந்தேகமில்லை, 'நோனா' என்றிருந்தால் வழிபாட்டு வேளை, மணி இன்னும் திறந்த கேள்வி. சூரியன் தலைக்குமேல் நிற்கிறது, நிழல் காலடியில் என்பது போன்ற வருணனை வந்தால் 12. நோன்புச் சட்டம் என்றால் எழுத்தில் 3, நடைமுறையில் முன்னதாக இருக்கலாம். அங்கே எண்ணே போடாதீர்கள்.

17ஆம் நூற்றாண்டுக் கவிதை ஏதாவது வந்து 'இரவின் நூன்' என்று இருந்தால் திகைக்க வேண்டாம். நூனுக்கு 'உச்சம்' என்ற பொருள் ஏறியபின் நள்ளிரவையும் அப்படி எழுதினார்கள்.

சொற்கிடங்கு:
தமிழ்ச் சொல்லுக்கு என் யோசனை: பழைய நூனுக்கு 'ஒன்பதாம் மணி வேளை'. வேதாகமத் தமிழில் வேரூன்றிய சொல், கிறிஸ்தவச் சூழலுக்கும் பொருந்தும். 'மதியம்' வேண்டவே வேண்டாம். மத்தியம் என்பதிலிருந்து வந்தாலும் பேச்சில் 'மதியம் மூன்று மணிக்கு வா' என்கிறோம், வாசகர் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. 'நண்பகல்' புதிய நூனுக்கு மட்டும். நள் என்றால் நடு. நள்ளிரவிலும் அதே நள்தான்.

தொல்காப்பிய மரபின் சிறுபொழுதுகளில் வைத்தால் பொருத்தம் இன்னும் துலங்கும். ஒவ்வொரு பொழுதும் 10 நாழிகை, அதாவது 4 மணி. நண்பகல் 10 முதல் 2 வரை, எற்பாடு 2 முதல் 6 வரை. நூன் எற்பாட்டில் பிறந்து நண்பகலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. 'எற்பாட்டு வேளை' என்று போட ஆசையாகத்தான் இருக்கிறது. நெய்தல் நிலமும் இரங்கலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் மடத்து நூலுக்குச் சரிப்படாது.

கோவைக்கணக்கன்:
இக்கால நூனிலும் ஒரு கண்ணி உண்டு. கடிகாரம் 12 காட்டும்போது சூரியன் உச்சியில் இருக்கும் என்பது நம் ஊர்களில் பெரும்பாலும் பொய். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஒரு பாகை மேற்கே தள்ளினால் 4 நிமிடத் தாமதம். சென்னைக்கு 9 நிமிடம், கோவைக்கு 22 நிமிடம். யாழ்ப்பாணத்துக்கும் அதே கணக்கு, சுமார் 10 நிமிடம். சிங்கப்பூரில் சராசரி உச்சி பகல் 1:05க்கு.

இதற்குமேல் பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சுச் சாய்வும் சேர்ந்து ஆண்டுக்குள் ஒரு ஏற்ற இறக்கம் தருகின்றன. பிப்ரவரி 11ஐ ஒட்டி சூரியன் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் 3ஐ ஒட்டி 16 நிமிடம் முந்தும். ஆகச் சென்னையின் மெய்யான உச்சி பிப்ரவரியில் 12:23, நவம்பரில் 11:53. 1906 ஜனவரி 1 அன்று இந்திய நேரம் வருவதற்கு முன் ரயில்வே பின்பற்றிய மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்தது. அதில் குறைந்தது சென்னைக்காவது 9 நிமிடப் பிழை கிடையாது.

மணிக்கூண்டு:
மெய்யான உச்சியைக் கண்டுபிடிக்கப் பலர் 'நிழல் மிகக் குறுகும் நேரம்' என்று காத்திருப்பார்கள். அது சரிவராது. உச்சியை ஒட்டிப் பல நிமிடங்களுக்கு நிழலின் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது.

சரியான வழி, பழைய இந்திய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்திலேயே இருக்கும் வட்ட முறை. ரசமட்டம் வைத்துச் சமன் செய்த பலகையில் 30 செ.மீ. கோலைத் தூக்குக்குண்டு பிடித்து நிமிர நிறுத்தி, அதன் அடியை மையமாக வைத்து 20, 25, 30 செ.மீ. ஆரத்தில் வட்டங்கள் போடுங்கள். காலையில் நிழல் நுனி ஒவ்வொரு வட்டத்தைத் தொடும் நேரத்தையும், பிற்பகலில் அதே வட்டத்தை மறுபடி தொடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடு நேரமே உச்சி. மூன்று வட்டம் எதற்கென்றால், பிற்பகலில் மேகம் ஒன்றைக் கெடுத்தாலும் மற்றவை கைகொடுக்கும்.

பிழை வருவது பலகை சாய்வதாலும் நுனி மங்குவதாலும். சூரியன் புள்ளி இல்லை, அரை பாகை அகலம்; இந்த அளவுக் கோலில் நுனி 4, 5 மி.மீ. கலங்கித் தெரியும். கோலின் தலையில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டி, விழும் ஒளிப்பொட்டின் நடுவைக் குறித்தால் இது தீரும்.

ஏட்டுப்பூச்சி:
'ஒன்பதாம் மணி வேளை' என்றே வைத்துக்கொள்கிறேன், முதல் இடத்தில் மட்டும் ஒரு அடிக்குறிப்போடு. முன்னுரையில் 12 பி.எம். என்று ஒரு இடம் வருகிறது. அது நண்பகல்தானே?

சொற்கிடங்கு:
டிஜிட்டல் கடிகாரத்தின்படி ஆம். பி.எம். என்பது 'போஸ்ட் மெரிடியம்', உச்சிக்குப் பின். உச்சியே உச்சிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அடுத்த நொடியே பின் ஆகிவிடுவதால் கடிகாரம் செய்பவர்கள் 12:00க்கும் பி.எம். போட்டுவிட்டார்கள். இதை எல்லா எழுத்தாளர்களும் பின்பற்றினார்கள் என்று நம்ப முடியாது. பழைய பதிப்பு என்றால் சூழலைப் பாருங்கள். தமிழில் 'நண்பகல் 12' என்று எழுதினால் சிக்கலே வராது.

கோவைக்கணக்கன்:
நள்ளிரவுக்கு அதுவும் போதாது. '15ஆம் தேதி நள்ளிரவு 12' என்றால் 15 பிறக்கும் நேரமா, முடியும் நேரமா? ஒப்பந்தத்திலோ கடைசித் தேதி அறிவிப்பிலோ பிறக்கும் நேரம் என்றால் 15 அதிகாலை 00:01, முடியும் நேரம் என்றால் 15 இரவு 23:59 என்று எழுதுங்கள். ரயில் டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:15 என்றிருந்தால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும்.

மணிக்கூண்டு:
வானியலாளர்கள் இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் நாளை நண்பகலில் தொடங்கினார்கள். ஓர் இரவின் குறிப்புகள் இரண்டு தேதிகளில் சிதறாது. 1925 ஜனவரி 1இல் நள்ளிரவுக்கு மாறினார்கள். நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணிக்கொண்டே போகும் ஜூலியன் நாள் எண்ணிக்கை மட்டும் இன்றும் நண்பகலில்தான் மாறுகிறது. கிரீன்விச் வானாய்வகத்தில் 1833 முதல் நேரப் பந்து (கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க உச்சியிலிருந்து விழவிடும் பந்து) விழுவது 12க்கு இல்லை, 1 மணிக்கு: 12க்கு ஆய்வகத்தார் அக்காலத்தில் சூரியனை அளப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.